வராமலே இருந்திருக்கக்கூடிய அஞ்சல்

போன கிழமை நான் முன்பு வேலைசெய்த கப்பல் முகவர் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தது. கந்தோர் கொடுத்த டெப்லெட்டில் மின்னஞ்சல் வருவதில்லையாம்; வந்தால் திறப்பதில்லையாம்; திறந்தால் இணைத்து அனுப்பிய பத்திரம் இறங்குவதில்லையாம். இதைத் துறைமுகத்துக்குள் வீசிவிட்டால் என்ன அன்ரி என்று கேட்டது. எங்கள் துறைமுகம் ஆழம் கூடியது, வீசினால் பிறகு எடுக்க ஏலாது, பொறு என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்புப் போய்விட்டது. பழைய ஞாபகம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்லாமல், திருகோணமலையில் கப்பல் முகவர் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக அதை எழுதுகிறேன்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டுக்கு ஒழுங்குசெய்வது, சுங்கம், குடிவரவு, குடிநீர், காய்கறி, பல்வலி வந்த மாலுமியை வைத்தியரிடம் கூட்டிப்போவது என்று எங்கள் வேலையின் வழமைகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள். அவற்றைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. எங்கள் கிளையில் அப்போது இருந்தது இரண்டு பேர்தான். நானும், முழங்கால் வருத்தத்தால் கப்பல் ஏணி ஏற முடியாமற்போன ஒரு மூத்த எழுதுவினைஞரும். கந்தோரில் இருப்பது அவர். கப்பலில் ஏறுவது நான்.

மேசைக் கணினி இருந்த காலத்தில் மின்னஞ்சலால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. காலையில் பார்ப்பேன், கப்பலுக்குப் போய்வந்து பார்ப்பேன். பிறகு ஒருநாள் கொழும்புத் தலைமைக் கந்தோர் டெப்லெட் அனுப்பியது. இனி லோஞ்சில் ஏறிக் கப்பலுக்குப் போகும்போதும் இறங்குதுறையில் நிற்கும்போதும் அஞ்சல் பார்க்கலாம், பதில் எழுதலாம், கந்தோருக்கு ஓடிவரத் தேவையில்லை என்றார்கள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கறுப்பு உறை போட்டு, உப்புத்தண்ணீர் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

சந்தோசம் கனநாள் நிற்கவில்லை. கொழும்பு போட்டுத் தந்திருந்த அஞ்சல் செயலி கணினியில் நல்ல பிள்ளை. டெப்லெட்டுக்கு வந்ததும் குணம் மாறிவிட்டது. திரையை இரண்டாகப் பிரித்து இடதுபக்கம் பட்டியலையும் வலதுபக்கம் அஞ்சலையும் காட்டும். இரண்டுமே ஒடுங்கி ஒன்றையும் வாசிக்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது டெப்லெட்டைக் கொஞ்சம் சாய்த்தால் திரை சுழன்று, எழுதியது பாதி காணாமற்போகும். ஒரே தலைப்பில் வரும் அஞ்சல்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, பழைய மூட்டைக்குள் புது அஞ்சலை ஒளித்துவைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், மேலே சின்ன எழுத்தில் அது காட்டும் ‘இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது’ என்ற வரி. துறைமுகத்தைச் சுற்றி மலைகள். சில மூலைகளில் சிக்னலே இருக்காது. அங்கே நின்றாலும் இப்போதுதான் புதுப்பித்தேன் என்று கூசாமல் சொல்லும்.

ஒருமுறை யூரியா ஏற்றிவந்த ஒரு கப்பலை உள்ளே எடுப்பதற்குப் பைலட் கேட்டு லோஞ்சில் இருந்தபடியே அஞ்சல் அனுப்பினேன். போய்விட்டதற்கு அடையாளமாகச் செயலி ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தமும் கேட்டது. நான் நம்பிப் பேசாமல் இருந்துவிட்டேன். கப்பல் துறைமுக வாயிலில் வந்து நின்று ரேடியோவில் கூப்பிடத் தொடங்கியது. பைலட்டைக் காணவில்லை. பைலட் நிலையத்துக்கு எடுத்துக் கேட்டால், அப்படி ஒரு அஞ்சலே வரவில்லை என்றார்கள். திறந்து பார்த்தேன். வெளியே போகவேண்டிய அஞ்சல்கள் தங்கும் பெட்டிக்குள் அது சுகமாகக் கிடந்தது. காற்று எழும்பியிருந்தது. வெளியே அந்தக் கப்பல் ஆடிக்கொண்டு நிற்பதை இறங்குதுறையில் இருந்தே பார்க்க முடிந்தது. அந்தக் கப்டன் ரேடியோவில் சொன்ன சொற்களை இங்கே எழுதமாட்டேன். நல்லகாலம், பைலட்டாக அன்றைக்குக் கடமையில் இருந்தவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு உடனே படகில் ஏறினார்; ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து சத்தத்தை நம்புவதை விட்டுவிட்டேன்.

வேறு செயலி தேடத் தொடங்கினேன். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் போன் கடை வைத்திருந்த பெண் ஒன்றைப் போட்டுத் தந்தாள். வடிவான நிறங்கள். ஆனால் அஞ்சல்களை ‘முக்கியமானவை’, ‘மற்றவை’ என்று தானே பிரித்துவிடும். கப்பல்களின் அஞ்சல் முகவரிகள் எண்ணும் எழுத்துமாய் விசித்திரமாக இருக்கும்; அவற்றையெல்லாம் அது மற்றவையில் போட்டது. நடுக்கடலில் இருந்து ஒரு கப்டன் தண்ணீர் முடியப்போகிறது என்று எழுதியது, சேலைக் கடை மலிவு விற்பனைக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டாவது செயலி விளம்பரங்களையே அஞ்சல்போல வேசம் போட்டு இடையில் செருகியது. அதன் பிறகு செயலியே வேண்டாமென்று இணைய உலாவியில் திறந்து பார்த்தேன். அது பரவாயில்லை, ஆனால் ஐந்து நிமிடம் சும்மா வைத்தால் வெளியே தள்ளிவிட்டுக் கடவுச்சொல் கேட்கும். ஆடுகிற லோஞ்சில், ஈரக் கையால், கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி என்று தெரியும்.

கடைசியில் கிடைத்தது ஒரு சாம்பல் நிறச் செயலி. யாரோ சில பேர் சேர்ந்து இலவசமாகச் செய்து வெளியிட்டது. படமில்லை, நிறமில்லை, சத்தமில்லை. வந்த அஞ்சல்களை வந்த ஒழுங்கில் ஒவ்வொரு வரியாக அடுக்கும். மூட்டை கட்டாது. அனுப்பிய அஞ்சல் போகாவிட்டால் ‘போகவில்லை’ என்று சிவப்பில் போடும். அது போகும்வரை அந்தச் சிவப்பு அழியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு செயலியைக் கண்டது அதுதான் முதல் தடவை. கொழும்புக் கணினிப் பிரிவில் இருந்தவரிடம் கேட்டேன். கந்தோர் விதிகளில் அதற்கு இடமில்லை என்று இழுத்தார். பைலட் வராத கதையைச் சொன்னேன். சரி, பரீட்சைக்காக வைத்திருங்கள், எங்கள் செயலியையும் அழிக்காதீர்கள் என்றார். இப்படி ஒரே டெப்லெட்டில் இரண்டும் இருந்தன. இந்த ஏற்பாட்டை மறக்காமல் மனதில் வையுங்கள். நான் சொல்லவரும் கதை அதிலேதான் நிற்கிறது.

இனி என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

என் கணவர் அருள் ஒரு மாலுமி. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஒப்பந்தத்துக்குப் போவார், வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கடலில் இருக்கும்போது வீட்டில் நான் மட்டும். அவருக்குப் பிடித்த பாடலை ரேடியோவில் போட்டால் குறைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். தனியாகக் கேட்க மனம் வராது. நான் ஏறி இறங்கிய கப்பல்களுக்குக் கணக்கில்லை. வேறு பெண்களின் கணவன்மாருக்கு சிம் அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பொதிகளை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு கப்பலிலும் ஏணியடியில் காவல் நிற்கும் மாலுமியின் முகத்தை முதலில் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அது அவராக இருக்க முடியாது என்று தெரிந்துகொண்டே பார்ப்பேன். அவர் வேலைசெய்த கப்பல்கள் உலகத்தின் எல்லாத் துறைமுகங்களுக்கும் போயின. திருமலைக்கு மட்டும் ஒருநாளும் வரவில்லை.

பிறகு வந்தது. சீனன்குடாப் பக்கம் கோதுமை இறக்குவதற்கு ஒரு கப்பல் வருகிறது, முகவராக இருக்கச் சம்மதமா என்று கேட்டு வந்த அஞ்சலில் கப்பலின் பெயரை வாசித்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் வாசித்தேன். அதே கப்பல்தான். அருளின் ஒப்பந்தம் முடிந்து சில மாதங்கள் கடந்திருந்தன. அவருடைய இடத்துக்கு மாற்றாள் கிடைக்காமல் அவரை நிறுத்திவைத்திருந்தார்கள். இப்போது மாற்றாள் ஒருவரைத் திருமலைக்கு அனுப்புகிறோம், அருளை அங்கே இறக்கலாம் என்று கப்பலை நிர்வகிக்கும் கம்பனி எழுதியிருந்தது.

என் கணவர் இருக்கும் கப்பல் இது, வேறு யாரையும் அனுப்புவீர்களா என்று கொழும்பு மேலாளரிடம் கேட்டேன். வேறு ஆள் எங்கே இருக்கிறது, நீங்களே செய்யுங்கள், கப்டனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

கப்பல் வந்த அன்று சுங்க, குடிவரவு உத்தியோகத்தர்களோடு ஏறினேன். ஏணியின் மேற்படியில் அருள் தலைக்கவசத்தோடு நின்றார். மெலிந்திருந்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. விருந்தினர் புத்தகத்தை நீட்டினார்; நான் கையொப்பமிட்டேன். குட் மோர்னிங் மேடம் என்றார். நானும் குட் மோர்னிங் சொன்னேன். பின்னால் உத்தியோகத்தர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேனையை வாங்கும்போது விரல் பட்டது, அவ்வளவுதான்.

நடுவழியில் அந்தக் கப்பலின் செய்மதித் தொடர்பு பழுதாகியிருந்தது. அதனால் கப்பலுக்கு வரும் அஞ்சல், கப்பலில் இருந்து போகும் அஞ்சல் எல்லாமே என் டெப்லெட் வழியாகத்தான் நடந்தன. கப்டன் ஒரு பல்கேரியர், அதிகம் கதைக்காத மனிதர். அருள் என் கணவர் என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்படியானால் இந்த முறை மாற்றாளை யாரும் மறக்கமாட்டார்கள் என்றார். ஆள் குறைவு என்பதால் கோதுமை இறக்கி முடியும்வரை யாரையும் கரைக்கு விடவில்லை. பின்னேரங்களில் அருள் தளத்தில் நின்று தொலைபேசியில் கதைப்பார். நான் உள்துறைமுக வீதியில் நின்று கப்பலைப் பார்த்தபடி கதைப்பேன். எங்கே நிற்கிறீர் என்று கேட்பார். சொன்னால், கையை ஆட்டுவார். எனக்கு ஒரு புள்ளிதான் தெரியும்.

அந்தக் கதைகளில் அடிக்கடி வந்த ஒரு பெயர் சேவியர். தூத்துக்குடிக்காரர், அருளோடு ஒரே அறை. அவருடைய ஒப்பந்தமும் முடிந்து மாதங்கள் கடந்திருந்தன. அருள் இறங்கிய பிறகு அடுத்த மாற்றாள் அவருக்கு என்று சொல்லியிருந்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த சிம் அட்டையில் அவர் தினமும் வீட்டோடு கதைத்தார். எல்லோரும் சுகம் என்று சொல்லுகிறார்கள், அம்மாவை மட்டும் போனில் கூப்பிட்டால் நித்திரை என்கிறார்கள் என்று அருளிடம் சொன்னாராம்.

கோதுமை இறக்கி முடிந்தது. அடுத்த கப்பலுக்கு இடம்விட்டு, கப்பல் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது. மாற்றாள் கொழும்பில் இருந்து வந்து சேர்ந்தார், நீர்கொழும்புப் பக்கத்து ஆள். அவரை ஏற்றிவிட்டு அருளை இறக்கவேண்டும், பின்னேரம் கப்பல் போய்விடும். அன்று காலை வீட்டைக் கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றி, கணவாய் வாங்கிக் கறிவைத்து, பிட்டும் அவித்து மூடிவிட்டு வந்தேன்.

லோஞ்ச் இயந்திரத்தைக் கிளப்பியிருந்தது. மாற்றாள் பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறுமுன் கடைசியாக ஒருமுறை அஞ்சல் பார்ப்பது என் வழக்கம். கந்தோர்ச் செயலியைத் திறந்தேன். ‘இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது.’ புதிதாக ஒன்றும் இல்லை. சாம்பல் செயலியைத் திறந்தேன். மேலே ஒரு வரி புதிதாக இருந்தது. தலைப்பு வாரக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அதே பழைய தலைப்பு, மாலுமி மாற்றம். கந்தோர்ச் செயலி அதைப் பழைய மூட்டைக்குள் போட்டு, வாசித்தது என்று தானே அடையாளமும் போட்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கம்பனி கப்டனுக்கு எழுதியிருந்தது. சேவியரின் தாயார் வைத்தியசாலையில் இருக்கிறார், அதிக நாள் இல்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள், மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடலில் இருப்பவன் உடைந்துபோவான் என்று குடும்பம் அவருக்குச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லாமல் அனுப்பிவையுங்கள் என்று கேட்கிறார்கள். இருப்பது ஒரு மாற்றாள்தான். அருள் தன் சம்மதத்தோடு இன்னும் சில காலம் கப்பலில் நிற்பாரானால், திருமலையில் சேவியரை இறக்கலாம். சம்மதிக்காவிட்டால் முன்பு தீர்மானித்தபடியே செய்யுங்கள். கப்பல் புறப்படுமுன் பதில் வேண்டும்.

லோஞ்ச் ஓட்டுபவர் என்ன அக்கா, வாறீங்களோ என்று கேட்டார். ஏறினேன்.

இறங்குதுறையில் இருந்து அந்தக் கப்பலுக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் நான் நினைத்தவற்றை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுகிறேன். கந்தோர் எனக்குத் தந்த செயலியில் இந்த அஞ்சல் இல்லை. இதைக் கண்ட செயலி கந்தோரின் செயலியே இல்லை. கம்பனி கப்டனுக்கு எழுத வேறு வழி கிடையாது. ஒரு மணித்தியாலத்தில் அருள் என் பக்கத்தில் இந்தப் பலகையில் இருப்பார். பிறகு திறந்து பார்த்து, ஐயோ பிந்திவிட்டதே என்று எழுதினால், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டியவர்கள் எல்லோருமே டெப்லெட்டைத் திட்டுகிறவர்கள்தான். எனக்கு அருள் வேண்டும். வேறு எதையும் அந்த அளவுக்கு நான் விரும்பியதில்லை. முன்னால் இருந்த மாற்றாள் என்னைப் பார்த்து, மேடத்துக்குப் படகு ஒத்துக்கொள்ளாதோ என்று கேட்டார்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு கிண்ணியாக்காரர். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். மாலுமிகளின் வீட்டுச் செய்தி வந்தால் அவர் ரேடியோவில் சொல்லமாட்டார், துறைமுகமே கேட்கும் என்பார். மழையோ காற்றோ, தானே லோஞ்ச் பிடித்துப் போய் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவார். அதற்காக அவருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. அன்றைக்கு அவர் ஞாபகத்துக்கு வந்தார் என்றால் பொய். ஏணியில் கால்வைத்தபோது எனக்கு ஞாபகத்துக்கு வந்தது, போனில் கூப்பிட்டால் நித்திரை என்று சொல்லப்பட்ட அந்தத் தாய்தான்.

அருள் வீட்டுக்கு வரும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பையைக் கட்டிவைத்துவிட்டு, தளத்தில் நின்றார். முதல்முறையாக மேடம் என்று சொல்லாமல் சிரித்தார். கப்டனிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி அவரைத் தாண்டிப் போனேன்.

கப்டன் டெப்லெட்டை வாங்கி வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். நீ இதை வாசித்தாயா என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு அருளைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, அஞ்சலை மெதுவாக வாசித்துக் காட்டினார். எந்த முடிவு எடுத்தாலும் அது சரியான முடிவுதான், உன்மேல் ஒருவருக்கும் குறையில்லை என்றும் சொன்னார்.

அருள் என்னைப் பார்த்தார்.

“நீர் இதை எப்ப கண்டனீர்?”

“லோஞ்சில ஏற முதல்.”

“கண்டும் கொண்டு வந்தனீர்.”

“ஓம்.”

அவர் கைகளைத் துடைப்பதுபோலக் காற்சட்டையில் தேய்த்தார். கப்டனைப் பார்த்து, சேவியர் போகட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கோவிக்காதையும் றீற்றா. அவன் ராவில அம்மான்ர கதைதான் சொல்லுவான். நான் இண்டைக்கு இறங்கினா, பிறகு அவனுக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?”

கோபமில்லை என்றேன்.

பதிலை உடனே அனுப்பவேண்டும். கப்டன் சொல்லச் சொல்ல டெப்லெட்டில் தட்டினேன். அனுப்பினேன். ‘போகவில்லை’ என்று சிவப்பில் வந்தது. கப்பலின் இரும்புச் சுவர்களுக்குள் சிக்னல் இல்லை. கப்டன் கதவைத் திறந்து, மேலே வெளித்தளத்துக்குப் போய்ப் பாருங்கள், இரண்டு பேருமே போங்கள் என்றார். அவர் வரவில்லை. வேறு யாரையும் வரவிடவும் இல்லை.

மேலே நல்ல வெயில். காற்று அடித்தது. நகரத்தின் பக்கம் திரும்பி நின்று டெப்லெட்டைத் தூக்கிப் பிடித்தேன். சிவப்பு மாறவில்லை. அருள் உயரம், தாரும் என்று வாங்கி அவர் தூக்கிப் பிடித்தார். வெயிலில் திரை தெரியவில்லை என்று நான் அவர் கைக்கடியில் நெருங்கி நின்று பார்த்தேன். பெயின்ற் மணமும் சவர்க்கார மணமும் வந்தது. இன்னும் போகேல்லையோ என்று கேட்டார். இன்னும் போகேல்லை என்றேன். உங்களுக்குத் தெரியும், மின்னஞ்சல் போகாவிட்டால் நான் எப்படித் திட்டுவேன் என்று. அன்றைக்குத் திட்டவில்லை. அவருடைய ஒரு கை டெப்லெட்டில், மற்றக் கை என் தோளில். வீட்டுக் கூரையில் ஓடு உடைந்ததைப் பற்றிக் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த வருடம் முழுவதிலும் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அந்தச் சிவப்பு அழியும்வரைதான்.

பிறகு அழிந்தது. போயிட்டுது என்றேன். அவர் டெப்லெட்டை இறக்கி, சேர்ட்டால் திரையைத் துடைத்து என் கையில் தந்தார்.

சேவியர் ஒன்றும் விளங்காமல் அவசரமாகப் பை கட்டிக்கொண்டு வந்தார். அருள் அவருக்குச் சொன்னது, இறங்கிற ஆளின்ர பெயரைக் கம்பனி மாத்திப்போட்டுது, நீ போ, நான் அடுத்த துறைமுகத்தில் வாறன் என்பதுதான். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டபோது நான் ஏணிப்பக்கம் திரும்பிவிட்டேன்.

லோஞ்ச் பாதி வழி வந்தபோது சேவியர் கேட்டார்.

“அக்கா, வீட்டுல எதுவும் பிரச்சனையா? உண்மையச் சொல்லுங்க.”

காரணத்தைச் சொல்லக்கூடாது என்று குடும்பம் கேட்டிருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொன்னால் அது அந்த முகத்துக்கு நேரே சொல்லும் பொய். எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பதில் இல்லை.

“உங்கட அம்மா உங்களைப் பாக்க ஆசைப்படுறாவாம். நிக்காமல் நேர வீட்ட போங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். கரைக்கு வந்ததும் குடிவரவு அலுவல்களை முடித்து, கொழும்புக்குப் போகும் வாகனத்தில் நானே ஏற்றிவிட்டேன். பசிக்கும் என்று வீட்டில் இருந்த கணவாய்க் கறியையும் பிட்டையும் பொதி கட்டிக் கொடுத்தேன். அதைத் தனியாக இருந்து சாப்பிட என்னால் முடிந்திருக்காது.

பின்னேரம் கப்பல் போனது. பைலட் இறங்கி வரும்வரை இறங்குதுறையில் நின்றேன். அது என் கடமை. மலைகளுக்கு இடையால் கப்பல் வெளியே திரும்பியபோது பின்தளத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. அருளாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். கையை ஆட்டினேன். கந்தோருக்குப் போய், கப்பல் புறப்பட்டது என்று வழமையான அஞ்சலை அனுப்பினேன். அது முதல் தரமே போய்விட்டது.

சில நாட்களில் சாம்பல் செயலியில் சேவியரின் அஞ்சல் ஒன்று வந்தது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாங்க, என் பேரைச் சொன்னாங்க, மூணாம் நாள் போயிட்டாங்க என்று எழுதியிருந்தார். அருள் அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டிருந்தார். செய்மதித் தொடர்பு திருத்தப்படாத கப்பலுக்கு அதை நான் எப்படிச் சொல்வது? அடுத்த துறைமுகத்து முகவருக்கு அனுப்பி, அந்த முகம் தெரியாத மனிதரைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். கொடுத்தேன் என்று பதில் போட்டார். எங்கள் தொழிலில் நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆகையால் தொலைபேசி எடுத்த பிள்ளைக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். டெப்லெட் தரும் செயலியோடு மல்லுக்கட்டி நாளைக் கழிக்காதீர்கள். பொருந்தாவிட்டால் வேறு தேடுங்கள், கேட்டு அனுமதி வாங்குங்கள். வடிவாக இருப்பதை எடுக்கவேண்டாம். வராததை வரவில்லை என்றும் போகாததைப் போகவில்லை என்றும் சொல்வதை எடுங்கள். முக்கியமான அஞ்சலுக்கு எப்போதும் இரண்டாவது வழி ஒன்று வைத்திருங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நல்ல வழி ஒன்று கண்டுபிடித்தால், அதனால் நீங்கள் விரும்பாத அஞ்சலும் வரும். வந்ததை உரியவரின் கையில் சேர்க்கிறவரைக்கும் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

சில காலம் என்று கம்பனி சொன்னது பல மாதங்களாகியது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏதோ ஒரு தடை. கடைசியில் எங்கேயோ தூரத்தில் அருள் இறங்கி விமானத்தில் வந்தார். நான் கொழும்புக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் அவர் இருந்தார். ஹபரணையில் ஆட்கள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள், காடு தொடங்கியது. அதுவரை ஊர்க்கதைகளையே கதைத்துக்கொண்டு வந்தவர் வெளியே பார்த்தபடி கேட்டார்.

“றீற்றா, அண்டைக்கு அந்த மெயில் வராமல் விட்டிருந்தா நல்லம் எண்டு நீர் ஒருநாளும் நினைக்கேல்லையோ?”

“நினைச்சனான். நீங்கள் போன நாளில இருந்து ஒவ்வொரு நாளும் நினைச்சனான்.”

அவர் தலையை ஆட்டினார்.

“நானும்தான்,” என்றார்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கந்தளாய் தாண்டும்வரை நான் அதை எடுக்கவில்லை.